கரைந்தது எவ்வளவு?

உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கொல்லைகளில் உளுந்து பூவெடுக்கும் நேரம் வந்தால் சாயங்காலத்தில் டிஏபி உரத்தை ஊறப்போடுவார்கள். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி, 10 லிட்டர் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் வாளி. குச்சியால் நாலு கலக்கு கலக்கி மூடிவிட்டால் மறுநாள் காலை வரை அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. விடிந்ததும் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் துணியில் வடித்து, இன்னும் 190 லிட்டர் தண்ணீர் சேர்த்து இலைமேல் அடிப்பார்கள். பூ எட்டிப்பார்க்கும்போது ஒரு தெளிப்பு, 15 நாள் கழித்து இன்னொன்று. 2 சதவீத டிஏபி கரைசல் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெகுகாலமாகப் பரிந்துரைக்கும் முறை இது. நேராகக் கரைத்துத் தெளிக்கும் ‘பயறு ஒண்டர்’ சத்துக் கலவைப் பாக்கெட் வந்த பிறகு இந்த ராத்திரி வேலை பலருக்கு மிச்சமாகியிருக்கிறது என்றாலும், வாளி இன்னும் காணாமல் போய்விடவில்லை.

வடித்த பிறகு வாளியில் சாம்பல் நிறத்தில் ஒரு மண்டி மிஞ்சும். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். “கடையிலயே மண்ணக் கலந்துட்டாங்க” என்று ஏசுகிறவர் உண்டு. “இன்னும் ஊறல, தண்ணி பத்தல” என்று மறுபடி ஒரு செம்பு ஊற்றுகிறவரும் உண்டு. ஒருவர் பொருளின் தூய்மையைச் சந்தேகிக்கிறார், மற்றவர் நேரத்தையும் தண்ணீரின் அளவையும் சந்தேகிக்கிறார். ஒரு வேதிப்பொருளின் நீரில் கரைதிறனை அளக்க உட்காரும் ஆய்வகம் முதலில் தீர்க்க வேண்டிய சந்தேகங்களும் இவைதான்.

வாளிக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். தூய டைஅம்மோனியம் பாஸ்பேட், 20 டிகிரி செல்சியஸில், ஒரு லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோவுக்கு மேல் கரையும். நாம் போட்டது லிட்டருக்கு 400 கிராம். நம்மூர்த் தண்ணீர் 20 டிகிரியைவிடச் சூடாகவே இருக்கும் என்பதால் இன்னும் கூடுதலாகவே கரைய வாய்ப்பு. ஆக, தண்ணீர் பத்தவில்லை என்பது சரியல்ல. ராத்திரி முழுக்க ஊறியதால் நேரமும் போதும். மிஞ்சியது கரைய மறுத்த டிஏபி அல்ல, டிஏபியோடு கூட வந்த வேறு பொருள்.

அப்படியானால் கலப்படமா? அதுவும் பெரும்பாலும் இல்லை. பாறை பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, கிடைக்கும் பாஸ்பாரிக் அமிலத்தில் அம்மோனியாவைச் செலுத்தித்தான் டிஏபி செய்கிறார்கள். பாறையில் இருந்த இரும்பும் அலுமினியமும் மக்னீசியமும் அமிலத்தோடு கொஞ்சம் கூடவே வந்து, தண்ணீரில் கரையாத பாஸ்பேட்டுகளாகக் குருணைக்குள் உட்கார்ந்துவிடும். மூட்டையின் மேல் 18-46-0 என்று அச்சிட்டிருப்பதில் 46 என்பது செடிக்குக் கிடைக்கக்கூடிய மொத்த மணிச்சத்து. உரக் கட்டுப்பாட்டு ஆணை அதில் நீரில் கரையக்கூடிய மணிச்சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு எண் வைத்திருக்கிறது. அது 40 சதவீதத்தை ஒட்டிய எண். 46-க்கும் 40-க்கும் இடையில் இருப்பது வாளியில் தங்குகிறது. வேர் கசியவிடும் அமிலங்களில் மெல்லக் கரையக்கூடிய சரக்கு அது. இலைக்கு உதவாது, செடிக்கடியில் கொட்டினால் வீணாகாது.

கரையும் அளவு ஒன்று, கரையும் வேகம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது படித்தவர்களிடமும் உண்டு. டிஏபி குருணை மெல்லக் கரையும், ஆனால் நிறையக் கரையும். யூரியாவுக்கு வேறொரு குணம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் கரையும், கரையும்போது தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். யூரியா கரைத்த கையோடு வாளியைத் தொட்டவர்களுக்கு அந்தச் சில்லிப்பு தெரியும். சில்லிட்டுப் போன தண்ணீரில் யூரியா குறைவாகவே கரையும். “முதல்ல சரசரன்னு கரஞ்சுது, அப்புறம் நின்னுடுச்சு” என்பதன் காரணம் இதுதான். அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் மிச்சமும் கரைந்துவிடும். அப்படியானால் முதலில் நின்ற அளவைக் கரைதிறன் என்று எழுதிவைக்கலாமா, வெயிலில் வைத்த பிறகு வந்த அளவையா? வெப்பநிலையைச் சொல்லாமல் இரண்டையும் எழுத முடியாது.

கரைதல் நின்றுவிட்டது என்று நாம் சொல்லும் அந்த நிலையில் உள்ளே எதுவும் நிற்பதில்லை. இரவு பத்து மணிக்கு உளுந்தூர்பேட்டைப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். சென்னையிலிருந்து திருச்சி போகிற வண்டி ஆட்களை இறக்குகிறது, சேலம் போகிற வண்டி ஏற்றிக்கொள்கிறது. முகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கூட்டத்தின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. பூரிதக் கரைசலும் அப்படித்தான். ஒரு நொடியில் திண்மத்திலிருந்து எத்தனை மூலக்கூறுகள் தண்ணீருக்குள் போகின்றனவோ அத்தனை திரும்பி வந்து திண்மத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இந்தச் சமநிலை வந்த பிறகு தண்ணீரில் இருக்கும் அளவுதான் கரைதிறன். சமநிலை வந்துவிட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி.

முதலில், கரைதிறன் என்ற எண் எவ்வளவு பெரிய இடைவெளியில் அலைகிறது என்று பார்த்துவிடலாம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை சுமார் 2 கிலோ கரையும். சமையல் உப்பு 360 கிராம். ஜிப்சம் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. நீற்றிய சுண்ணாம்பு ஒன்றே முக்கால் கிராம். பூஞ்சாணத்துக்கு அடிக்கும் கார்பன்டசிம் 8 மில்லிகிராம். டிடிடி ஒரு மில்லிகிராமில் நூற்றில், ஆயிரத்தில் ஒரு பங்கு. சர்க்கரைக்கும் டிடிடிக்கும் நடுவே கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். ஒரே கருவியால், ஒரே முறையால் இவ்வளவையும் அளக்க முடியாது.

வெப்பம் ஏறினால் கரைதிறனும் ஏறும் என்று பள்ளியில் படித்தது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1819-இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் பல உப்புகளின் கரைதிறனை வெப்பநிலைக்கு எதிரே வரைபடமாக வரைந்தபோதே இது தெரிந்துவிட்டது. வெடியுப்பின் கோடு மலைபோல் ஏறுகிறது: 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீருக்கு 32 கிராம், 100 டிகிரியில் 246 கிராம். சமையல் உப்பின் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. சோடியம் சல்பேட்டின் கோடு 32 டிகிரிக்குச் சற்று மேல் வரை ஏறி, அங்கே ஒடிந்து இறங்குகிறது. சுண்ணாம்போ சூடாக ஆகக் குறைவாகக் கரையும்.

ஆய்வகத்துக்குள் போவோம். ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வேதிப்பொருட்களைச் சோதிக்க வகுத்த வழிகாட்டிகளில் 105-ஆவது எண் கொண்டது நீரில் கரைதிறனுக்கானது. 1981-இல் வந்தது, 1995-இல் திருத்தப்பட்டது. உலகில் எங்கே ஒரு புதிய பூச்சிமருந்தோ சாயமோ பதிவுக்கு வந்தாலும் இந்த முறையையோ இதை ஒத்த ஒன்றையோ பின்பற்றித்தான் அந்த எண் தரப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் படப்பையில் இருக்கும் பன்னாட்டு உயிர்தொழில்நுட்ப நச்சியல் நிறுவனம் பூச்சிமருந்துகளை இத்தகைய வழிகாட்டிகளின்படி சோதிக்கும் இடங்களில் ஒன்று. இந்தியாவில் இப்படிப்பட்ட ஆய்வகங்களைக் கண்காணிக்க 2002-இல் ஒரு தேசிய ஆணையம் வந்தது. 2011-இலிருந்து, அதன் சான்று பெற்ற ஆய்வகத்தின் எண்ணை ஓஇசிடி நாடுகளும் ஏற்கின்றன.

வேலை ஒரு குத்துமதிப்பில் தொடங்குகிறது. பொடியாக்கிய பொருளில் 0.1 கிராம் எடுத்து, கண்ணாடி மூடி போட்ட 10 மில்லி அளவுச் சாடியில் போடுகிறார்கள். தண்ணீரை முதலில் 0.1 மில்லி, பிறகு அரை மில்லி, ஒன்று, இரண்டு, பத்து என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் குலுக்கி, துகள் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். பத்து மில்லியிலும் கரையாவிட்டால் நூறு மில்லி. கண்ணை நம்பும் இடம் இது ஒன்றுதான். இங்கே தேவைப்படுவது சரியான எண் அல்ல, எந்த முறையைக் கையிலெடுப்பது என்ற முடிவு மட்டுமே. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கரைந்தால் குடுவை முறை, அதற்குக் கீழே போனால் குழல் முறை.

குடுவை முறையில், பூரிதமாக எவ்வளவு வேண்டும் என்று தோராயமாகத் தெரிந்ததோ அதைப்போல ஐந்து மடங்கு பொருளை மூன்று குடுவைகளில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஏன் ஐந்து மடங்கு? கடைசி வரை அடியில் திண்மம் மிஞ்சி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்கு அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். அளக்க வேண்டியது 20 டிகிரியில். ஆனால் குடுவைகளை 30 டிகிரியில் குலுக்குகிறார்கள். ஒன்றை 24 மணி நேரம், அடுத்ததை 48, மூன்றாவதை 72. ஒவ்வொன்றையும் குலுக்கி முடித்த பிறகு 20 டிகிரிக்குக் கொண்டுவந்து இன்னும் ஒரு நாள் வைக்கிறார்கள். சூட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கரைந்தது குளிர்ந்ததும் திரும்பப் படியும். மேலிருந்து இறங்கி வந்து சமநிலையைத் தொடுவது இது. கீழிருந்து மெல்ல ஏறினால், கடைசிக் கொஞ்சம் கரைய நாள் கணக்கில் ஆகலாம், ஏறி முடித்துவிட்டோமா என்றும் தெரியாது.

மூன்று குடுவைகளின் எண்ணையும் ஒப்பிடுவதில்தான் தீர்ப்பு இருக்கிறது. கடைசி இரண்டும் 15 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருந்தால் சமநிலை வந்துவிட்டது என்று ஏற்கலாம். முதல் நாளைவிட இரண்டாம் நாள் அதிகம், அதைவிட மூன்றாம் நாள் அதிகம் என்று ஏறுமுகமாகவே போனால் எல்லாவற்றையும் மறுபடி, இன்னும் நீண்ட நேரம் செய்ய வேண்டும். வாளியில் இரண்டாவது செம்பு தண்ணீர் ஊற்றியவர் கேட்ட கேள்விக்கு முறையான பதில் இப்படித்தான் கிடைக்கிறது. தண்ணீரைக் கூட்டத் தேவையில்லை, நேரத்தைக் கூட்டிப் பார்த்து எண் அசைகிறதா என்று கவனித்தால் போதும்.

கரைசலையும் கரையாததையும் பிரிப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வடிதாள் எளிது என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் வடிதாளைத் தாண்டிவிட்டால் எண் பொய்யாகக் கூடும். மாறாக, தண்ணீர் பிடிக்காத பொருளாக இருந்தால் தாளிலேயே ஒட்டிக்கொண்டு எண் பொய்யாகக் குறையும். அதனால் பெரும்பாலும் மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுக்கிறார்கள், அதுவும் 20 டிகிரியிலேயே. கூடவே பிஎச் எவ்வளவு என்று குறிக்கிறார்கள். கார்பன்டசிம் நடுநிலைத் தண்ணீரில் 8 மில்லிகிராம் கரையும் என்றேன். பிஎச் 4 உள்ள தண்ணீரில் அதுவே 29 மில்லிகிராம் ஆகிவிடும். இப்படிப்பட்ட பொருளுக்குப் பிஎச் எழுதாமல் தரும் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க 20 டிகிரி என்று ஒப்புக்கொண்டதால்தான் படப்பை எண்ணையும் பாரிஸ் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது, சரி. ஆனால் மே மாதத்தில் உளுந்தூர்பேட்டை போர்வெல்லில் 20 டிகிரித் தண்ணீர் எங்கே கிடைக்கும்? அட்டவணையில் இருக்கும் எண் நம் நிலத்துக்கு அப்படியே பொருந்தாது. இதை நம்மூர் வேளாண் கையேடுகள் எழுதுவதில்லை.

உரக்கடை அலமாரிக்கு வருவோம். மருந்துப் புட்டிகளில் பெயருக்குப் பின்னால் ஈசி, டபிள்யூபி, எஸ்எல், எஸ்பி என்று எழுத்துகள் இருக்கும். கரைதிறனைப் பற்றி அந்தப் புட்டி நமக்குச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு எழுத்தில்தான். எஸ்எல், எஸ்பி என்றால் மருந்து உண்மையாகவே தண்ணீரில் கரையும்: எஸ்எல் திரவம், எஸ்பி தூள். இமிடாகுளோப்ரிட், கார்டாப் இந்த வகை. ஈசி என்றால் மருந்து தண்ணீரில் கரையாது. எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்து, பால்மக்காரணி சேர்த்திருக்கிறார்கள். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும். “நல்லாக் கரஞ்சுடுச்சு, பால் மாதிரி ஆயிடுச்சு” என்று சொல்வது வழக்கம். கரைந்திருந்தால் வெளுத்திருக்காது. வெண்மை என்பதே கரையாத நுண்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருவது. குளோர்பைரிபாஸ் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராம்கூடக் கரையாது.

டபிள்யூபி தூளில் கணக்கு இன்னும் வேடிக்கை. கார்பன்டசிம் 50 டபிள்யூபி, லிட்டருக்கு ஒரு கிராம் போடுகிறோம். தூளில் பாதிதான் மருந்து, அதாவது 500 மில்லிகிராம். அதில் கரைவது 8 மில்லிகிராம். மீதி 492 மில்லிகிராம் மிதக்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் டேங்க் அடியில் படிகிறது. தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டு வந்து அடித்தால் முதல் வரிசைக்கு மருந்து அதிகம், கடைசி வரிசைக்குத் தண்ணீர்தான். இதை அறிந்தவர்கள் நடக்கும்போதே டேங்கைக் குலுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கரையாமல் இருப்பதிலும் ஒரு லாபம் உண்டு: இலைமேல் துகளாக ஒட்டிக்கொண்டு, பனியில் துளித்துளியாகக் கரைந்து, நாள்பட வேலை செய்யும்.

மிகக் குறைவாகக் கரையும் பொருட்களுக்குக் குடுவை ஒத்துவராது. குலுக்கும்போது உடைந்த நுண்துகள்களே கரைந்ததைவிட அதிகமாகிவிடும். அங்கே குலுக்கலே இல்லை. கண்ணாடி மணிகள்மேல் பொருளை மெல்லிய பூச்சாகப் பூசி ஒரு குழலில் அடைத்து, தண்ணீரை மெதுவாக ஓடவிடுகிறார்கள். வெளியே வரும் தண்ணீரைத் துண்டு துண்டாகப் பிடித்து அளக்க, ஆரம்பத்தில் ஏறி இறங்கும் எண் கொஞ்ச நேரத்தில் சமதளமாகப் படுக்கும். அதோடு விடுவதில்லை. தண்ணீரின் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி பார்க்கிறார்கள். வேகம் மாறியும் எண் மாறவில்லை என்றால்தான் அது பூரிதம். மாறினால், முதலில் கண்டது தண்ணீர் அவசரமாக ஓடியதால் வந்த அரைகுறை எண்.

இத்தனை கவனமும் எதற்கு என்பதை டிடிடியின் கதை சொல்லும். 2001-இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை ஆய்வாளர்கள் இருவர், டிடிடியின் கரைதிறன் பற்றி 1940-கள் முதல் வந்த 700-க்கும் மேற்பட்ட வெளியீடுகளைத் தோண்டியெடுத்தார்கள். ஒரே பொருளுக்கு வெளியான எண்கள் ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்குக்கும் மேல் விலகிக் கிடந்தன. ஆண்டுகள் போகப் போக எண்கள் நெருங்கி வந்திருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. பலர் அளக்கவே இல்லை, முன்னவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருந்தார்கள். முன்னவரும் அப்படியே. நடுவில் தசமப்புள்ளி இடம் மாறியது, அலகு மாறியது, யார் அளந்தது என்ற பெயரும் மாறியது. ஒரு மருந்து ஆற்றில் எவ்வளவு போகும், மீனின் கொழுப்பில் எவ்வளவு சேரும் என்று கணினிகள் போடும் கணக்குகள் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன.

கணக்கின் போக்கு எளிது. நன்றாகக் கரையும், மண்ணிலும் ஒட்டாத மருந்து மழையோடு இறங்கி நிலத்தடி நீரைத் தேடிப் போகும். லிட்டருக்கு அரைக் கிராமுக்கு மேல் கரையும் இமிடாகுளோப்ரிட்டைப் பற்றிய கவலைகளில் இது ஒன்று. கரையாதது மண்ணிலும் கொழுப்பிலும் தங்கும். டிடிடி அப்படித்தான் பருந்தின் முட்டை ஓடு வரை போய்ச் சேர்ந்தது.

தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலந்துவிடும் பொருட்களும் இருக்கின்றன. அவற்றுக்குக் கரைதிறன் என்ற எண்ணே கிடையாது. அட்டவணையில் அந்தக் கட்டத்தில் ‘முழுதும் கலக்கும்’ என்று மட்டும் இருக்கும். எத்தனால் ஒன்று, மெத்தனால் ஒன்று. இரண்டுக்கும் நிறமில்லை, இரண்டும் தண்ணீரில் அடுக்கு பிரியாமல், கலங்காமல், மண்டியில்லாமல் கலந்துவிடும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குடித்தவர்களின் நாக்கோ கண்ணோ அதைக் காட்டிக்கொடுத்திருக்க வழியில்லை. உடலுக்குள் போன மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. கல்வராயன் மலையில் காய்ச்சுவதைப் பற்றியும் விற்பதைப் பற்றியும் அப்போது நிறையப் பேசினார்கள். பாக்கெட்டைக் கையில் வைத்துப் பார்த்துச் சோதிக்கச் சாமானியருக்கு எந்த வழியும் இல்லை என்ற வேதியியலை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. வாயு வண்ணப்படிவியல் கருவியில் ஏற்றினால் இரண்டும் தனித்தனியே தெரியும்.

இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரைதிறனை நாள் முழுக்கக் கையாளும் இடங்கள் இரண்டு இருக்கின்றன: மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். கரும்புச் சாற்றில் முதலில் ஊற்றுவது சுண்ணாம்புப் பால். லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம்தான் கரையும் என்பதால் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்ற முடியாது, கலக்கித்தான் ஊற்ற முடியும். தெளிந்த சாற்றைச் சுண்டவைத்துப் பாகாக்கி, வெற்றிடக் கலத்தில் ஏற்றுகிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் 60, 70 டிகிரியிலேயே கொதிக்கும், சர்க்கரை கருகாது.

அந்தக் கலத்துக்குள் நடப்பது விசித்திரம். கரைதிறன் அனுமதிப்பதைவிட அதிகச் சர்க்கரை கரைசலிலேயே நிற்கும், படிகமாக விழாது. கால் பங்கு வரை கூடுதலாக இருந்தாலும் விழாது. விழ ஆரம்பிக்க ஒரு கரு வேண்டும். அந்தக் கட்டம் பார்த்துப் பொடித்த சர்க்கரையைச் சாராயத்தில் குழைத்து உள்ளே இழுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பொடியின்மேலும் சர்க்கரை படிந்து வளரும். இன்னும் சுண்டும்வரை காத்திருந்தால் தானாகவே கோடிக்கணக்கில் புதுக் கருக்கள் தோன்றி, மாவு போன்ற சர்க்கரை வரும். அதைச் சுழற்றிப் பிரிப்பதும் பாடு. சீக்கிரம் விட்டால் போட்ட பொடியே கரைந்துபோகும். கலத்தின் பக்கவாட்டில் ஒரு கம்பியைச் செருகி மாதிரி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி விளக்கொளியில் பார்ப்பார்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பதும் உண்டு. கருவிகள் வந்த பிறகும் கலத்தை இயக்கும் பழைய ஆட்களின் விரலுக்கு மரியாதை குறையவில்லை. சாற்றில் பொட்டாசியம் போன்ற உப்புகள் அதிகமிருந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி படியவே படியாது, மொலாசஸோடு போய்விடும். தூய சர்க்கரைக்கு அளந்த எண் ஆலைச் சாற்றுக்கு அப்படியே பொருந்தாததற்கு அதுவே காரணம்.

இப்போது சொட்டுநீர்க் குழாய் போட்ட கரும்புக் கொல்லைகளுக்கும் இந்தத் தலைவலி வந்துவிட்டது. முழுதும் நீரில் கரையும் உரம் என்று தனி வகை வைத்து, கரையாத கசடு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உர ஆணை. மூட்டை சுத்தமாக இருந்தாலும் கலப்பதில் பிசகலாம். சல்பேட் ஆப் பொட்டாஷ் 100 மில்லி தண்ணீரில் 11 கிராம்தான் கரையும், மியூரியேட் ஆப் பொட்டாஷ் 34 கிராம். ஒன்றுக்குப் போதுமான டிரம் இன்னொன்றுக்குப் பத்தாது. கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட் உரத்தோடு ஒரே டேங்கில் போட்டால் தனித்தனியே அருமையாகக் கரைகிற இரண்டும் சேர்ந்து ஜிப்சமாக விழும். பாஸ்பேட்டோடு போட்டால் கால்சியம் பாஸ்பேட். டிஏபியோடு ஜிங்க் சல்பேட்டைக் கலக்காதே என்று சொல்வதும் இதனால்தான். சொட்டுவானின் துளை அடைத்த பிறகு அமிலம் விட்டுக் கழுவ வேண்டிவரும்.

இரண்டு உரத்தை முதல்முறையாகச் சேர்க்கிறவர் டேங்கில் ஊற்றும் முன் ஒரு கண்ணாடிப் புட்டியில், தன் கிணற்றுத் தண்ணீரிலேயே, டேங்கில் போடப்போகும் அதே விகிதத்தில் கலந்து வைக்கட்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் பார்த்துப் பயனில்லை, கிணற்றில் ஏற்கெனவே கால்சியம் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். மேகம்போல் கலங்கியிருந்தாலும் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தாலும் அந்த இரண்டையும் வெவ்வேறு நாளில் விட வேண்டியதுதான்.